கடைசி வரிசையிலிருந்து அறுபது மடங்கு

எங்கள் குடும்பத்தில் இரண்டு கமராக்களால் ஒரு வருடம் முழுக்கச் சண்டை நடந்தது. கமராக்கள் பாவம், பையில் பேசாமல் கிடந்தன. சண்டை பிடித்தது நானும் என் மனைவியின் தமையனும். அவர் என்னை மச்சான் என்பார், நானும் அவரை மச்சான் என்பேன். அதைத் தவிர வேறு எந்த விடயத்திலும் நாங்கள் ஒத்துப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என்னுடையது பிரிட்ஜ் கமரா. லண்டனில் இருக்கும் சிநேகிதன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. சட்டைப் பையில் போடும் சின்னக் கமராவுக்கும் கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளரின் பெரிய கமராவுக்கும் நடுவில் நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் உடம்போடு ஒட்டியே பிறந்தது, கழற்ற முடியாது. ஆனால் அறுபது மடங்கு சூம். பொத்தானைத் தள்ளினால் ஆமை கழுத்தை நீட்டுவதுபோல லென்ஸ் வெளியே வரும், வரும், இன்னும் வரும். அந்த நீளத்தைக் கண்டதும் சனம் தானாக வழி விடும். அந்தப் புழுகத்தில் நான் மூன்று மாதம் தரையில் நடக்கவில்லை.

மச்சானுக்கு நெல்லியடியில் மருந்துக்கடை. நான் ஒரு சாமான் வாங்கினால் அவருக்கு நித்திரை வராது. அடுத்த மாதமே கொழும்புக்குப் போய் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கமரா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வகையில் ஆகத் தொடக்கப் படியில் இருப்பதுதான், ஆனாலும் அவர் அதைத் தூக்கிய விதத்தைப் பார்த்தால் ஏதோ சாமி தூக்குகிறார் என்று நினைப்பீர்கள்.

"மச்சான், இதின்ரை லென்ஸைக் கழட்டி மாத்தலாம்" என்றார்.

"எதோடை மாத்தப் போறீர்?"

"வேறை லென்ஸோடை."

"அது எங்கை?"

"பேந்து வாங்கலாம்."

அந்தப் 'பேந்து' இன்றுவரை வரவில்லை. பெட்டியோடு வந்த ஒரேயொரு கட்டை லென்ஸ்தான். கிழமைக்கு ஒருக்கால் அதைக் கழற்றி, உள்ளே ஊதி, திருப்பி அதையே பூட்டுவார். லென்ஸ் மாற்றலாம் என்ற உரிமை கையில் இருந்தால் போதும், மாற்றத் தேவையில்லை என்பது அவருடைய கட்சி.

என்னுடைய கமராவில் அவர் கண்ட குறைகளைக் கேட்டால் அழுகை வரும். உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு சின்னவிரல் நகத்தைவிடச் சின்னன், அவருடையது முத்திரை அளவு. நான் கண் வைத்துப் பார்ப்பது சின்ன ரீவி, அவர் பார்ப்பது கண்ணாடி வழியாக நேரே உலகத்தை. "கண்ணாடியாலை பார்க்கிறதுக்குப் பற்றரி வேண்டாம் மச்சான். உம்மடை கமரா பார்க்கிறதுக்கே பற்றரி தின்னும்" என்று மருந்துக்கடைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் வைத்தே சொல்வார். நானும் விடமாட்டேன். "உம்மடை கமரா எட்டுற தூரத்துக்கு நான் நடந்தே போய் ஆளைத் தொட்டிட்டு வருவன்" என்பேன்.

ஒருநாள் இதைத் தீர்த்துவிடுவோம் என்று இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் வல்லைவெளிக்குப் போனோம். தண்ணீருக்கு நடுவில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. நான் சூமை முழுக்கத் தள்ளினேன். நாரையின் கண், சொண்டு, சொண்டு நுனியில் தொங்கிய தண்ணீர்த் துளி எல்லாம் வந்து விழுந்தன. மச்சான் எடுத்த படத்தில் வானம் வெகு வடிவு, தண்ணீர் வெகு வடிவு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது என்ன, தூசோ?" என்று கேட்டேன்.

"நாரை."

"சரி, நீர் சொன்னால் நம்பிறன்."

வரும் வழி முழுக்க அவர் மோட்டார் சைக்கிளைத் தேவைக்கு மேல் முறுக்கினார். ஆனால் வழியில் என் அக்கா வீட்டுக்குள் புகுந்தோம், அங்கேதான் எனக்கு வினை. அக்கா குசினிக்குள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். பொழுது படுகிற நேரம், யன்னலால் வந்த கொஞ்ச வெளிச்சம் மட்டும். இரண்டு பேரும் அக்காவைப் படம் எடுத்தோம். என் படத்தில் அக்காவின் முகம் முழுக்க யாரோ அரிசிமாவைத் தூவிவிட்டதுபோல ஒரே பொருபொருவென்று இருந்தது. மச்சானின் படத்தில் இடியப்பத்தின் ஒவ்வொரு இழையையும் எண்ணலாம்.

அக்கா இரண்டையும் பார்த்தார். "எடேய் தம்பி, உன்ரை கமராவுக்கு வெள்ளெழுத்தோ?"

மச்சான் அன்று ஒன்பது இடியப்பம் சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களில் மூத்தவர் பெரியண்ணை, அடுத்தது அக்கா, கடைக்குட்டி நான். கரவெட்டியில் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறோம். அத்தான் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமல் அப்போது ஆறு வருடம். ஒரே மகள். அக்கா அழுது நான் கண்டது அந்த ஒரு கிழமைதான். அதற்குப் பிறகு வாய் இன்னும் நீண்டதே தவிர மனிசி அசையவில்லை.

அடுத்த நாள் நான் போனபோது அக்கா என் கமராவை வாங்கி விறாந்தையில் நின்று ஒழுங்கைப் பக்கம் பிடித்தார். சூமைத் தள்ளினார். ஒழுங்கையின் தொங்கலில் இருக்கும் கடைசி வீடு மட்டும் மெல்ல நகர்த்தினார்.

"எடேய்! அந்தத் தொங்கல் வீட்டுக்காரி விளைமீன் வாங்கியிருக்கிறாள்! எனக்கு விளைமீன் முடிஞ்சுதெண்டு சொன்னவன் அந்த மீன்காரன்!"

"அக்கா, உது பாவம்."

"என்ன பாவம்? பொய் சொன்னவனுக்குத்தான் பாவம். தம்பி, உது படமெடுக்கிற சாமான் இல்லையடா. பார்க்கிற சாமான்."

அன்று தொடக்கம் கமரா பாதி நாள் அக்கா வீட்டில்தான். ஆர் வருகிறார்கள், ஆர் போகிறார்கள், கோயில் கேணியடியில் ஆர் ஆரோடு கதைக்கிறார்கள் என்று கரவெட்டியின் அரைவாசி அக்காவின் கண்காணிப்புக்குள் வந்தது. ஒரு படமும் எடுக்கமாட்டார். சின்னத் திரையை வெளியே இழுத்துத் திருப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். மச்சானுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கடைசியிலை உம்மடை கமராவுக்கு ஒரு உத்தியோகம் கிடைச்சிட்டுது" என்றார்.

அந்தக் காலத்தில்தான் அக்காவின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. நல்ல பெடியன், நல்ல குடும்பம். மண்டபம் நெல்லியடியில். எல்லாம் சிரிப்பும் பகிடியுமாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார், தாரை வார்க்கிறது பெரியண்ணையும் அண்ணியும், தான் மணவறைப் பக்கம் வரமாட்டேன், பின்னுக்கு இருந்து சாப்பாட்டு அலுவலைப் பார்ப்பேன் என்று.

எனக்கு எரிச்சல் பத்திக்கொண்டு வந்தது. புருஷனை இழந்தவர் மணவறைக்குக் கிட்ட நிற்கக்கூடாது என்று எந்தக் காலத்தில் ஆர் சொன்னதோ. இந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் அம்மாமார் நிமிர்ந்து நின்று பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய் நேரில் வந்து, "நீங்கள்தான் முன்னுக்கு நிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா கேட்கவில்லை. ஊர் முழுக்கச் சூம் பண்ணிப் பார்க்கிற மனிசிக்கு இந்த விடயத்தில் மட்டும் ஒரு பயம். "நாளைக்கு அதுகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், நான் நிண்டதாலைதானோ எண்டு என்ரை மனம் கேட்கும். என்னை விடுங்கோ" என்றார்.

என் மருமகள், அதுதான் அக்காவின் மகள், கொஞ்சமும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "அப்ப நானும் மணவறைக்கு வரேல்லை. ரெண்டு பேரும் பின்னுக்கு இருந்து பாயாசம் ஊத்துவம்" என்றாள். இரண்டு நாள் தாயும் மகளும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு உடன்படிக்கை வந்தது. மகள்தான் சொன்னாள்.

"சரி, பின்னுக்கே இருங்கோ. ஆனால் தாலி கட்டேக்கை நான் நிமிர்ந்து உங்களைத்தான் பார்ப்பன். அந்த நேரம் நீங்கள் என்ரை முகத்தைப் பார்க்கவேணும். பார்க்கேல்லை எண்டால் நான் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டன் அம்மா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, அம்மா பார்க்கிறது உங்கடை பொறுப்பு."

"என்ரை கமரா இருக்கேக்கை என்ன பயம் பிள்ளை" என்றேன். வாய்தானே.

எங்கள் கலியாண வீடுகளில் தாலி கட்டும் நேரத்தை அறிந்தவர்களுக்கு நான் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் பாரம் விளங்கும். கெட்டிமேளம் கேட்டதும் அறுகரிசி தூவி வாழ்த்த முழு மண்டபமும் எழும்பிவிடும். முன்னுக்கு வீடியோக்காரர் இரண்டு பேர், படக்காரர் இரண்டு பேர், அவர்களுக்கு வெளிச்சம் பிடிக்க ஒருவர், எல்லாரும் மணவறையை அடைத்துக்கொண்டு முதுகு காட்டுவார்கள். மற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் சேலைத் தலைப்பு மட்டும்தான்.

நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். கடைசி வரிசையில் ஒரு கதிரையில் ஏறி, கமராவைச் சனத்தின் தலைக்கு மேலால் பிடித்து, திரையைக் கீழே திருப்பிவிட்டால் அக்கா நின்ற இடத்திலேயே மகளின் முகத்தைப் பார்க்கலாம். மச்சானின் கமராவால் இது நடக்காது. அதன் திரை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, கமராவைக் கண்ணில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். "நீர் முன்னுக்கு நிண்டு எடும் மச்சான், நான் பின்னுக்கு நிண்டு சரித்திரம் படைக்கிறன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்.

ஆனால் என் குணம் இருக்கிறதே! காலையிலிருந்து மாப்பிள்ளை பகுதிக்காரர் ஒவ்வொருவராக வந்து, "உது எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் இழுத்துக் காட்டினேன். மண்டப வாசலில் நின்று றோட்டுக்கு அங்கால் இருந்த கடையின் விலைப்பட்டியலை வாசித்துக் காட்டினேன். ஒரு பெரியவருக்குத் தன்னுடைய கார் சாரதி காருக்குள் நித்திரை கொள்வதைக் காட்டினேன், அவர் போய்ச் சாரதியை ஏசிவிட்டு வந்து இன்னொருக்கால் காட்டச் சொன்னார். அதையும் காட்டினேன். பொம்பிளை கூறைச்சேலை மாற்றிக்கொண்டு வந்து மணவறையில் இருந்த நேரம் நான் கடைசி வரிசைக்குப் போய்க் கமராவைத் திறந்தேன். மூலையில் பற்றரி அடையாளம் சிவப்பாக மினுக்கியது.

 இரண்டாவது பற்றரி வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, சார்ச்சரில், நூறு வீதம் நிரம்பி, என்னைக் காத்துக்கொண்டிருந்தது.

அக்கா சாப்பாட்டு மண்டபக் கதவோடு ஒரு சாம்பல் நிறப் பட்டுச் சேலையில் நின்றார். கையில் ஒரு கரண்டி. கரண்டிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, சும்மா பிடித்திருந்தார்.

"அக்கா, பற்றரி முடியுது."

"விசரா! காலமை தொடக்கம் அதை வைச்சுக் கூத்தாடினனி!"

"கெட்டிமேளம் மட்டும் மூடி வைக்கிறன். கேட்ட உடனை திறப்பம்."

அக்கா கரண்டியை மற்றக் கைக்கு மாற்றினார். என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அந்தரமும் தவிப்பும்தான் கூட. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

ஐயர் மந்திரத்தை இழுத்தார். இவ்வளவு நீளமான மந்திரத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி நின்றேன். பக்கத்தில் இருந்தவர், "தம்பி, கதிரை உடையப் போகுது, இறங்கும்" என்றார். தூரத்தில் என் மனைவி திரும்பிப் பார்த்து, வீட்டுக்கு வாங்கோ பார்ப்பம் என்ற மாதிரி ஒரு முழி முழித்தாள். அந்த நேரம் கெட்டிமேளம். மண்டபம் முழுக்க ஒரே எழும்பலாக எழும்பியது.

கமராவைத் திறந்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, சூமை ஒரேயடியாகத் தள்ளினேன். திரை அக்காவின் பக்கம். எனக்கு ஒன்றும் தெரியாது.

"என்ன தெரியுது அக்கா?"

"ஒரு மொட்டை."

"ஆற்றை மொட்டை?"

"எனக்கென்ன தெரியும்! இடப்பக்கம் போ! கொஞ்சம்! எடேய், கொஞ்சம் எண்டன், இப்ப வாழைமரம் தெரியுது!"

அறுபது மடங்கில் கை ஒரு நூல் அசைந்தால் அங்கே ஒரு முழம் ஓடும். வீடியோக்காரனின் காது வந்தது. வெளிச்சக்காரனின் கை வந்தது. பெரியண்ணையின் தலைப்பாகை வந்தது. மேளம் உச்சத்துக்கு ஏறியது, அறுகரிசி பறக்கத் தொடங்கியது. என் காலுக்குக் கீழே கதிரை நெளிந்தது.

"மேலை... மேலை... நில்! அசையாதை!"

அக்காவின் குரல் மாறிவிட்டது.

நான் பழக்கதோஷத்தில் பொத்தானில் விரலை வைத்தேன். "அமத்தாதை!" என்று ஒரு சத்தம். சரிதான். ஒரு படம் எடுத்தால் அதை விழுங்கி முடிக்குமட்டும் என் கமராவின் திரை கறுத்துப்போகும், அந்தச் சின்ன உயிரில் அதோடு பற்றரியும் போய்விடும். அக்கா அதை எனக்கு முன்னம் யோசித்துவிட்டார். விரலை எடுத்தேன். மூச்சையும் பிடித்தேன். தூரத்தில், தலைகளுக்கும் போன்களுக்கும் நடுவில், சிவப்பாகக் கூறைச்சேலை ஒரு பொட்டுப்போலத் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. 

பிறகு லென்ஸ் ஒரு முனகலோடு தானாக உள்ளே போனது. பற்றரி செத்துவிட்டது.

குனிந்து பார்த்தேன். அக்கா கரண்டியைக் கதிரையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இறங்கு, விழுந்து துலைக்கப் போறாய். சாம்பாருக்கு உப்புக் காணாது எண்டு சொன்னவங்கள், போய்ப் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்த்தாரா, எவ்வளவு பார்த்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் கமராவில் அந்தக் கலியாணத்தின் தாலிப் படம் ஒன்றுகூட இல்லை.

மச்சானோ சனத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "அம்பிட்டிட்டுது மச்சான்! வீடியோக்காரன்ரை கக்கத்துக்குள்ளாலை எடுத்தனான்!"

கலியாணம் முடிந்து ஒரு கிழமையில் மருமகளும் மாப்பிள்ளையும் அக்கா வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். மச்சான் கணினியைக் கொண்டுவந்து படங்களைப் போட்டார். தாலிப் படம் வந்தது. ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை, அருமையான படம். தாலிக்கொடி, மாப்பிள்ளையின் விரல், காற்றில் நிற்கும் அரிசி, எல்லாம் கண்ணாடி மாதிரி. ஆனால் பொம்பிளை தாலியைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஒரு கமராவையும் பார்க்கவில்லை. முகத்தை நிமிர்த்தி எல்லாருக்கும் மேலால் எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மட்டும் இங்காலை திருப்பியிருந்தால் முதலாம் பரிசு" என்று மச்சான் கவலைப்பட்டார். "சரி, உம்மடை கமரா என்னத்தை எடுத்தது?"

"ஒண்டும் எடுக்கேல்லை" என்றேன்.

மருமகளின் முகம் சுருங்கிவிட்டது. தாயிடம் மெல்லமாகக் கேட்டாள். "அப்ப நீங்கள் பார்க்கேல்லையோ அம்மா?"

அக்கா பலகாரத் தட்டோடு நின்றார். கணினி இருந்த பக்கம் அவர் வரவே இல்லை, அந்தப் படத்தை அவர் இன்னும் காணவில்லை.

"உன்ரை இடப்பக்கப் புருவத்திலை ஒரு அரிசி ஒட்டியிருந்தது" என்றார். "பிள்ளை கை வைச்சுத் தட்டிவிடுவாள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நீ தட்டேல்லை. கண்ணும் வெட்டேல்லை."

மச்சான் படத்தைப் பெருப்பித்தார். இன்னும் பெருப்பித்தார். முத்திரை அளவுச் சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. இடப்பக்கப் புருவத்தின் நுனியில், மஞ்சள் பூசின ஒரு அரிசி.

மருமகள் எழும்பிப் போய், தட்டோடு சேர்த்துத் தாயைக் கட்டிப்பிடித்தாள். பயத்தம் பணியாரம் நிலமெல்லாம் உருண்டது. அவள் அழுத அழுகையில் மாப்பிள்ளை பயந்து எழும்பி நின்றார், எனக்கும் கண் கலங்கிவிட்டது. மச்சான் பக்கம் திரும்பினால், மனிசன் கண்ணைக் காட்டாமல் கழற்றின லென்ஸை ஊதிக்கொண்டிருந்தார்.